நான்கு அரிசிமணிகளும் ஒரு கிலோ கால்சியமும்

அமெரிக்க வணிகக் கப்பல் தலைவரான சார்ல்ஸ் மார்ட்டெல் ஆறடிக்கும் மேல் உயரமான, நல்ல உடற்கட்டுள்ள இளைஞர். அவருக்கு உடம்பெல்லாம் வலிக்கத் தொடங்கியது. பிறகு லேசாக அடிபட்டாலே எலும்பு முறிந்தது. சிறுநீரில் வெள்ளை மணல் போன்ற துகள்கள் வெளியேறின. முதுகு கூனியது, மார்பு முன்னால் புடைத்தது, கழுத்து தோள்களுக்குள் அமிழ்ந்தது. சில ஆண்டுகளுக்குள் அவருடைய உயரத்தில் சுமார் 18 சென்டிமீட்டர் குறைந்துவிட்டது.

அவருடைய எலும்புகளில் இருந்த கால்சியம் எங்கே போனது? ரத்தத்துக்குப் போனது. அங்கிருந்து சிறுநீரில் கலந்து வெளியேறியது. அதை அப்படி வெளியேற்றிக்கொண்டிருந்தது ஒரு சின்னஞ்சிறிய சுரப்பி. ஆனால் அந்தச் சுரப்பி எங்கே இருக்கிறது என்பதை மருத்துவர்களால் ஆண்டுக்கணக்கில் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆறு முறை அவருடைய கழுத்தை அறுத்துத் தேடினார்கள். ஆறு முறையும் கிடைக்கவில்லை.

மார்ட்டெலின் கதை எப்படி முடிந்தது என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்தச் சுரப்பியை அறிமுகம் செய்துகொள்வோம்.

காண்டாமிருகத்தில் தொடங்கிய கதை

கழுத்தின் முன்பக்கத்தில், குரல்வளைக்குக் கீழே, வண்ணத்துப்பூச்சி வடிவில் தைராய்டு சுரப்பி இருப்பதை அறிந்திருப்பீர்கள். அதன் பின்புறத்தில், பக்கத்துக்கு இரண்டாக, அரிசிமணி அளவில் நான்கு சிறு சுரப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இவையே பாராதைராய்டு சுரப்பிகள். கிரேக்க மொழியில் 'பாரா' என்றால் பக்கத்தில் என்று பொருள். தைராய்டைக் கேடயச் சுரப்பி என்றும், இவற்றை இணைக்கேடயச் சுரப்பிகள் என்றும் தமிழில் சொல்வதுண்டு. பெயரில்தான் உறவு. தைராய்டு செய்யும் வேலைக்கும் இவை செய்யும் வேலைக்கும் தொடர்பே இல்லை.

இவற்றை முதலில் கவனித்தவர், 'டைனோசர்' என்ற சொல்லை உருவாக்கிய ஆங்கிலேய அறிஞர் ரிச்சர்ட் ஓவன். லண்டன் விலங்குக் காட்சிசாலையில் 1849இல் இறந்துபோன இந்தியக் காண்டாமிருகம் ஒன்றை அறுத்து ஆராய்ந்தபோது, தைராய்டை ஒட்டி மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு சுரப்பி இருப்பதைக் குறித்து வைத்தார். அது என்ன வேலை செய்கிறது என்பது அவருக்குத் தெரியவில்லை.

மனித உடலில் இதைத் தெளிவாக விவரித்தவர் ஒரு மாணவர். சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஐவார் சாண்ட்ஸ்ட்ரோம், 1877இல் ஒரு நாயின் கழுத்தில் இதைக் கண்டார். பிறகு பூனை, முயல், மாடு, குதிரை என்று தேடினார். அடுத்து 50 மனித உடல்களை ஆராய்ந்து, 1880இல் தம் முடிவுகளை வெளியிட்டார். சுரப்பிக்குப் பெயர் வைத்தவரும் அவரே. ஆனால் அந்தக் கட்டுரையை அன்று பலர் பொருட்படுத்தவில்லை.

அதே காலத்தில், தைராய்டை அறுத்தெடுத்த நோயாளிகளில் சிலருக்குக் கைகால் தசைகள் இறுகி வலிப்பு வந்தது. ஏன் என்று புரியாமல் அறுவை மருத்துவர்கள் திகைத்தார்கள். தைராய்டோடு சேர்த்து அந்த அரிசிமணிகளையும் தாங்கள் அறியாமல் எடுத்துவிடுகிறோம் என்பது பின்னர்தான் தெரிந்தது. 1909இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மெக்கல்லம், வோக்ட்லின் என்ற இருவர், பாராதைராய்டு நீக்கப்பட்ட நாய்களுக்குக் கால்சியம் கொடுத்தால் அந்த வலிப்பு நிற்கிறது என்று காட்டினார்கள். சுரப்பியின் வேலை என்ன என்பதற்கான திறவுகோல் அதுதான்.

ஏர்கோன் போல ஓர் ஏற்பாடு

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ ஒரு கிலோ கால்சியம் இருக்கிறது. அதில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் பூட்டி வைக்கப்பட்டுள்ளது. மிச்சமுள்ள சிறு பங்குதான் ரத்தத்திலும் மற்றத் திசுக்களிலும் இருக்கிறது. ஆனால் நரம்பு செய்தி அனுப்புவதும், தசை சுருங்குவதும், இதயம் சீராகத் துடிப்பதும், காயத்தில் ரத்தம் உறைவதும் அந்தச் சிறு பங்கை நம்பியே நடக்கின்றன.

அதனால் ரத்தத்தில் கால்சியம் மிகக் குறுகிய எல்லைக்குள் இருந்தாக வேண்டும். லிட்டருக்கு ஏறத்தாழ 2.2 முதல் 2.6 மில்லிமோல் வரை என்பது வழக்கமான அளவு. காலையில் இரண்டு குவளை பால் குடித்தாலும், நாள் முழுவதும் விரதம் இருந்தாலும் இந்த எண் பெரிதாக மாறுவதில்லை.

வகுப்பறையில் இருக்கும் ஏர்கோனை நினைத்துப் பாருங்கள். 24 பாகை என்று வைத்துவிட்டால், அறை சூடானதும் அது வேகமாக இயங்கும், குளிர்ந்ததும் அடங்கிவிடும். பாராதைராய்டு அணுக்களின் மேற்பரப்பில் கால்சியத்தை உணரும் புரதம் ஒன்று இருக்கிறது. ரத்தத்தில் கால்சியம் சற்றுக் குறைந்ததும், சுரப்பி பாராதைராய்டு ஹார்மோனைச் சுரக்கும். அந்த ஹார்மோன் மூன்று வழிகளில் வேலை செய்கிறது. எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து ரத்தத்தில் விடச் சொல்கிறது. சிறுநீரில் கால்சியத்தை வீணாக்காமல் தடுத்து வைக்கும்படி சிறுநீரகத்துக்குக் கட்டளையிடுகிறது. அதே சிறுநீரகத்தில் வைட்டமின் டி-யைச் செயலூக்கம் பெற்ற வடிவுக்கு மாற்றுகிறது. அப்படி மாறிய வைட்டமின் டி, குடலில் உணவிலிருந்து கூடுதல் கால்சியத்தை உறிஞ்ச உதவுகிறது. கால்சியம் ஏறியதும் சுரப்பி அடங்கிவிடும்.

உயிரியல் பாடத்தில் இன்சுலினையும் ரத்தச் சர்க்கரையையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு ஹோமியோஸ்டாசிஸ் படித்திருப்பீர்களே, அதே எதிர்மறைப் பின்னூட்டம்தான் இங்கேயும் நடக்கிறது.

மிஞ்சினால்: கல், எலும்பு, வயிறு, மனம்

நான்கு சுரப்பிகளில் ஒன்றின் உணரும் திறன் கெட்டுவிட்டால் என்ன ஆகும்? கால்சியம் போதுமான அளவு இருந்தும், 'இன்னும் வேண்டும்' என்று அது ஹார்மோனைச் சுரந்துகொண்டே இருக்கும். பெரும்பாலும் அந்தச் சுரப்பியில் ஒரு சிறு கட்டி வளர்ந்திருக்கும். பத்தில் எட்டுப் பேருக்கு ஒரே ஒரு சுரப்பியில்தான் கோளாறு. அந்தக் கட்டி புற்றுநோயாக இருப்பது மிக அரிது. ஆண்களைவிடப் பெண்களுக்கு, அதிலும் 50 வயதைத் தாண்டியவர்களுக்கு, இது அதிகம் வருகிறது.

இதன் அறிகுறிகளை நான்கு சொற்களில் நினைவில் வைக்கலாம்: கல், எலும்பு, வயிறு, மனம். சிறுநீரகத்தில் கல் உருவாகும். எலும்பு மெலிந்து எளிதில் முறியும். மலச்சிக்கலும் வயிற்று வலியும் குமட்டலும் வரும். மனம் சோர்ந்து, மறதியும் களைப்பும் ஏற்படும். அடிக்கடி தாகம் எடுக்கும், அடிக்கடி சிறுநீர் கழிக்க நேரும்.

ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் 'வயதாகிவிட்டது, அதனால்தான்' என்று தோன்றும். இதுவே இந்த நோயின் தந்திரம். சிறுநீரகக் கல்லை ஒரு மருத்துவர் பார்ப்பார், எலும்பு முறிவை இன்னொருவர் பார்ப்பார், மறதியைப் பற்றி யாரிடமும் சொல்லாமலே இருந்துவிடுவார்கள். ஆனால் இவை எல்லாவற்றையும் ஒரே நூலில் கோக்க ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை போதும். கால்சியம் அதிகமாக இருந்து, அதே நேரத்தில் பாராதைராய்டு ஹார்மோனும் அடங்காமல் இருந்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். நலமான சுரப்பியாக இருந்தால் அந்நேரம் அது அடங்கியிருக்க வேண்டும் அல்லவா? அடுத்து, 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து அதிலுள்ள கால்சியத்தையும் அளப்பார்கள். பரம்பரையாக வரும் வேறொரு நிலையும் ரத்தத்தில் இதே போலத் தோன்றும். அதற்கு அறுவை சிகிச்சை தேவையில்லை என்பதால், இரண்டையும் பிரித்தறிவது முக்கியம்.

நோயை முழுமையாகக் குணப்படுத்துவது கெட்டுப்போன சுரப்பியை அகற்றும் அறுவை சிகிச்சைதான். அனுபவமுள்ள மருத்துவர் செய்தால் நூற்றுக்குத் 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள். 50 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள், எலும்பு மெலிந்தவர்கள், சிறுநீரகக் கல் உள்ளவர்கள், கால்சியம் மிகவும் உயர்ந்தவர்கள் ஆகியோருக்கு அறிகுறி பெரிதாக இல்லாவிட்டாலும் அறுவையைப் பரிந்துரைப்பார்கள். மற்றவர்கள் நிறையத் தண்ணீர் குடித்து, ரத்தக் கால்சியத்தையும் எலும்பின் அடர்த்தியையும் சிறுநீரகத்தையும் குறித்த காலத்தில் சோதித்துக்கொண்டு காத்திருக்கலாம். அறுவை செய்ய முடியாதவர்களுக்குச் சினாகால்செட் என்ற மாத்திரை உண்டு. அது கால்சியத்தை உணரும் புரதத்தைக் கூர்மையாக்கி, 'போதும்' என்று சுரப்பியை அடங்க வைக்கிறது.

பலர் செய்யும் ஒரு தவறு உண்டு. 'கால்சியம் கூடிவிட்டதாமே' என்று பாலையும் நெத்திலியையும் கேழ்வரகையும் அடியோடு நிறுத்திவிடுவார்கள். உணவில் கால்சியம் குறைந்தால் சுரப்பி இன்னும் வேகமாக எலும்பிலிருந்து எடுக்கும். எனவே வழக்கமான அளவு உணவே சரி. மாத்திரைகளை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் உட்கொள்ளக்கூடாது.

நம் நாடுகளில் இந்தச் சுரப்பிகள் இன்னொரு வழியிலும் பாதிக்கப்படுகின்றன. நீரிழிவால் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் நம் குடும்பங்களில் பலர் இருக்கிறார்கள். பழுதடைந்த சிறுநீரகத்தால் வைட்டமின் டி-யைச் செயலூக்கம் பெறச் செய்ய முடியாது, பாஸ்பேட்டையும் வெளியேற்ற முடியாது. அதனால் நான்கு சுரப்பிகளும் ஓய்வில்லாமல் உழைத்து வீங்கிவிடும். டயாலிசிஸ் நோயாளிகள் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கும் சில மாத்திரைகள் உணவிலுள்ள பாஸ்பேட்டைப் பிடித்து வைப்பதற்காகவே தரப்படுகின்றன. தாத்தா அந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு வெகு நேரம் கழித்து விழுங்கினால் பயனில்லை என்பதை இப்போது உங்களால் விளக்க முடியும்.

மார்பில் ஒளிந்திருந்த சுரப்பி

மார்ட்டெலிடம் திரும்புவோம். கழுத்தில் ஆறு முறை தேடியும் கட்டி கிடைக்காததற்குக் காரணம், அது கழுத்தில் இல்லை என்பதே. கரு வளரும்போது கீழ்ப்பக்கத்துப் பாராதைராய்டு சுரப்பிகள், மார்பில் அமையும் தைமஸ் சுரப்பியோடு சேர்ந்தே உருவாகி, அதனோடு கீழ்நோக்கி நகர்கின்றன. வழக்கமாக அவை தைராய்டுக்கு அருகில் நின்றுவிடும். சிலருக்கு மட்டும் நிற்காமல் தைமஸுடன் மார்புக்குள்ளேயே போய்விடும்.

1932இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், அறுவை மருத்துவர்கள் சர்ச்சிலும் கோப்பும் ஏழாவது முறையாக மார்ட்டெலுக்கு அறுவை செய்தார்கள். இம்முறை மார்பைத் திறந்தார்கள். அங்கே இருந்தது கட்டி. அதன் அகலம் சுமார் 3 சென்டிமீட்டர்தான்.

இன்று அல்ட்ராசவுண்ட் கருவியாலும், சுரப்பியில் போய்ச் சேரும் கதிரியக்க மருந்தைக் கொண்டு எடுக்கும் படத்தாலும், பெரும்பாலும் கத்தியை எடுக்கும் முன்பே கட்டி இருக்கும் இடத்தை அறிந்துவிடலாம். இன்னொரு வசதியும் உண்டு. பாராதைராய்டு ஹார்மோன் ரத்தத்தில் சில நிமிடங்களே தங்கும். கட்டியை எடுத்த பத்து நிமிடத்தில் ஹார்மோனின் அளவு பாதியாகக் குறைந்தால், சரியான சுரப்பியைத்தான் எடுத்திருக்கிறோம் என்று அறுவை அறையிலேயே உறுதி செய்துகொள்கிறார்கள்.

குறைந்தால்: இறுகும் தசைகள்

கட்டி கிடைத்ததால் மார்ட்டெல் பிழைத்துக்கொண்டார் என்று நினைத்திருப்பீர்கள். அப்படி நடக்கவில்லை. கட்டி போனதும் அவருடைய கால்சியம் சரியத் தொடங்கியது. இப்படி ஆகலாம் என்று அஞ்சியே மருத்துவர்கள் கட்டியில் ஒரு சிறு துண்டை விட்டுவைத்திருந்தார்கள். ஆனாலும் ஆண்டுக்கணக்கில் பட்டினி கிடந்த எலும்புகள் ரத்தத்திலிருந்த கால்சியத்தை அவசரமாக உள்ளே இழுத்துக்கொண்டன. தசைகள் இறுகின. மருத்துவர்கள் கால்சியம் கொடுத்துச் சமாளித்தார்கள். ஆறு வாரங்கள் கழித்து, சிறுநீர்ப் பாதையை அடைத்த கல்லை அகற்ற அறுவை செய்தார்கள். அதன் பிறகு அவருடைய குரல்வளைத் தசைகள் இறுகி மூச்சு நின்றுபோனது.

இத்தனை ஆண்டுகள் அதிகக் கால்சியத்தால் துன்பப்பட்டவரின் உயிர், கடைசியில் கால்சியம் குறைந்த நிலையில் பிரிந்தது. எல்லைக்கு மேலே போனாலும் ஆபத்து, கீழே போனாலும் ஆபத்து என்ற பாடத்தை மருத்துவ உலகம் அவரிடமிருந்து கற்றது. இன்று பாராதைராய்டு அறுவை செய்துகொண்ட ஒவ்வொருவருக்கும் கால்சியத்தை மீண்டும் மீண்டும் அளப்பது இதனால்தான்.

பாராதைராய்டு ஹார்மோன் குறைவதற்கு இன்றும் மிகப் பொதுவான காரணம் கழுத்தில் செய்யப்படும் அறுவைதான். தைராய்டை எடுக்கும்போது இச்சிறு சுரப்பிகளோ அவற்றுக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்ணிய குழாய்களோ பாதிக்கப்படலாம். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். சிலருக்கு வாழ்நாள் முழுவதும் நீடிக்கும்.

முதலில் உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் மரத்துப்போய் ஊசி குத்துவது போலிருக்கும். பிறகு கைகால் தசைகள் இழுத்துக்கொள்ளும். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் கட்டிச் சில நிமிடம் இறுக்கினால், மணிக்கட்டு மடங்கி விரல்கள் குவிந்துகொள்ளும். கால்சியம் குறைந்திருக்கிறது என்பதற்கு இது ஓர் அடையாளம். வலிப்போ மூச்சுத் திணறலோ வந்தால் அவசரச் சிகிச்சை தேவை. மருத்துவமனையில் நரம்பு வழியாகக் கால்சியம் செலுத்துவார்கள்.

நீண்டகாலச் சிகிச்சைக்குக் கால்சியம் மாத்திரைகளும் செயலூக்கம் பெற்ற வைட்டமின் டி-யும் தரப்படுகின்றன. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ரத்தக் கால்சியத்தை நடு அளவுக்கு உயர்த்த முயல மாட்டார்கள், எல்லையின் கீழ்ப்பகுதியில் வைத்திருக்கவே பார்ப்பார்கள். சிறுநீரகத்துக்குக் 'கால்சியத்தை வெளியே விடாதே' என்று சொல்ல ஹார்மோன் இல்லை. மாத்திரையால் அதிகம் ஏற்றினால் அது சிறுநீரில் வழிந்து கல்லாகிவிடும். குறைந்துபோன ஹார்மோனையே ஊசியாகப் போட்டுக்கொள்ளும் சிகிச்சையும் வந்திருக்கிறது. நாளுக்கு ஒருமுறை போடும் அத்தகைய மருந்து ஒன்றுக்கு 2024இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

ஒரு தாய், ஒரு சேய், இரண்டு கணக்கு

இதுவரை ஓர் உடலின் கணக்கைப் பார்த்தோம். கர்ப்பத்தில் இரண்டு உடல்கள் சேர்கின்றன.

பிறக்கும் குழந்தையின் எலும்புகளில் ஏறத்தாழ 30 கிராம் கால்சியம் இருக்கும். அதில் பெரும் பங்கு கடைசி மூன்று மாதங்களில்தான் சேர்கிறது. இதற்காகத் தாயின் குடல் வழக்கத்தைவிட இரு மடங்கு கால்சியத்தை உறிஞ்சத் தொடங்குகிறது. நச்சுக்கொடி அந்தக் கால்சியத்தைச் சேயின் பக்கம் இறைத்து அனுப்புகிறது. பாராதைராய்டு ஹார்மோன் நச்சுக்கொடியைக் கடக்காது, கால்சியம் மட்டும் கடக்கும்.

தாயின் சுரப்பியில் கட்டி இருந்து, கால்சியம் அதிகமாக இருந்தால், சேய்க்கும் அளவுக்கு மேல் கிடைக்கும். 'எல்லாம் வந்துகொண்டிருக்கிறதே' என்று சேயின் சுரப்பிகள் தூங்கிவிடும். பிறந்ததும் தொப்புள் கொடி வெட்டப்படும். வந்துகொண்டிருந்த கால்சியம் ஒரே நொடியில் நின்றுவிடும். தூங்கும் சுரப்பிகள் உடனே விழிப்பதில்லை. அடுத்த சில நாள்களில் குழந்தையின் கால்சியம் சரிந்து, கைகால் நடுங்கி, வலிப்பும் வரலாம். தாயிடம் மிகுதியாக இருந்ததே சேயிடம் பற்றாக்குறையாகிறது. தனக்கு ஒரு நோய் இருப்பதை, குழந்தைக்கு வலிப்பு வந்த பிறகே அறிந்த தாய்மார்களும் உண்டு.

முன்பே ஏன் தெரியாமல் போகிறது? குமட்டல், வாந்தி, மலச்சிக்கல், களைப்பு ஆகியவை மசக்கையிலும் வரும். மேலும், கர்ப்பத்தில் ரத்தம் நீர்த்துப்போவதால், கால்சியத்தைச் சுமக்கும் அல்புமின் புரதம் குறைகிறது. அதனால் மொத்தக் கால்சியம் உண்மையைவிடக் குறைவாகத் தோன்றி ஏமாற்றும். அல்புமினைக் கணக்கில் எடுத்துத் திருத்திய அளவையோ, புரதத்தோடு ஒட்டாத கால்சியத்தையோதான் பார்க்க வேண்டும்.

கர்ப்பிணியின் கால்சியம் சற்றே உயர்ந்திருந்தால் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, அடிக்கடி ரத்தம் சோதித்துக் கவனிப்பார்கள். மிக உயர்ந்திருந்தால் தாய்க்குச் சிறுநீரகக் கல், கணைய அழற்சி, ரத்த அழுத்தம் ஆகியவை வரலாம். கருச்சிதைவு ஆபத்தும் உண்டு. அப்போது அறுவை தேவைப்படும். அதற்கு ஏற்ற காலம் நான்கு முதல் ஆறு மாதம் வரை. முதல் மூன்று மாதங்களில் கருவின் உறுப்புகள் உருவாகிக்கொண்டிருக்கும். கடைசி மூன்று மாதங்களிலோ குறைப் பிரசவம் ஆகிவிடலாம். கதிரியக்கப் படத்தைத் தவிர்த்து, அல்ட்ராசவுண்டைக் கொண்டே கட்டியைத் தேடுவார்கள். குழந்தை பிறந்த பிறகு அதன் கால்சியத்தையும் கவனித்து வருவார்கள்.

ஹார்மோன் குறைவாக உள்ள பெண் கருவுற்றால் நிலைமை நேர்மாறானது. கால்சியம் மிகவும் சரிந்தால் கருப்பை முன்கூட்டியே சுருங்கிக் குறைப் பிரசவம் ஆகலாம். தாயிடம் கிடைக்காததால், சேயின் சுரப்பிகள் அளவுக்கு மீறி உழைத்துத் தன் எலும்பையே கரைக்கத் தொடங்கும். ஆகவே 'பிள்ளைக்கு ஆகாது' என்று தாமாகவே மாத்திரையை நிறுத்துவதுதான் ஆபத்து. மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் சோதித்து, அளவை மாற்றிக்கொள்வதே சரியான வழி.

குழந்தை பிறந்ததும் ஒரு விந்தை நடக்கிறது. பாலூட்டும் தாயின் மார்பகம், பாராதைராய்டு ஹார்மோனைப் போலவே வேலை செய்யும் ஒரு புரதத்தைச் சுரக்கிறது. எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துப் பாலுக்குத் தருவதே அதன் பணி. சுரப்பி இல்லாத தாய்க்கும் அது உதவிக்கு வந்துவிடும். பழைய அளவிலேயே மாத்திரையைத் தொடர்ந்தால் இப்போது கால்சியம் எல்லையைத் தாண்டிவிடலாம். எனவே பிரசவத்துக்குப் பிறகும் சோதனை தொடர வேண்டும். பால் கொடுப்பதை நிறுத்தும்போது மாத்திரையின் தேவை மீண்டும் கூடும்.

வீட்டில் நீங்கள் கவனிக்கலாம்

பாராதைராய்டு நோய் பரவலாகப் பேசப்படும் நோயன்று. அதனாலேயே அது பல ஆண்டுகள் கண்டுபிடிக்கப்படாமல் இருந்துவிடுகிறது. பாட்டிக்கு மீண்டும் மீண்டும் சிறுநீரகக் கல் வருகிறதா? லேசாக விழுந்ததற்கே எலும்பு முறிந்ததா? தைராய்டு அறுவை செய்துகொண்ட அத்தைக்கு உதடும் விரலும் மரத்துப்போகின்றனவா? அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, 'கால்சியம் பார்த்தீர்களா?' என்று கேட்கச் சொல்லுங்கள். இந்தப் பிரச்சினை உள்ள உறவினர் யாராவது கருவுற்றால், முதல் பரிசோதனையிலேயே அதை மருத்துவரிடம் தெரிவிக்கச் சொல்லுங்கள்.

ஏழு அறுவைகளுக்கும் பல ஆண்டு வலிக்கும் பிறகு மார்ட்டெலுக்குக் கிடைத்த விடையை, இன்று பெரும்பாலும் ஒரு ரத்தப் பரிசோதனையிலேயே தேடத் தொடங்கிவிடலாம். அதைக் கேட்டுப் பெறுவதற்கு, அப்படி ஒரு சுரப்பி இருப்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.